லீமாவுக்குச் சாப்பிடப் போகிறேன்

மகனே,

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு சமையற்குறிப்புத்தான் கேட்டார்கள். மீன் குழம்போ கத்தரிக்காய்ப் பால்கறியோ, ஏதாவது ஒன்று, ஒரு பக்கத்துக்குள். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். மலர்க்குழுவில் இருக்கும் அக்கா இதை வாசித்துவிட்டு, "இது வீட்டுக்குள்ள கதைக்கவேண்டிய விசயம் எல்லோ?" என்று கேட்டார். வீட்டுக்குள் கதைக்கவேண்டியதுதான். ஆனால் நீ வெளியேதான் கதைத்தாய். என்னைப் பற்றி, எனக்குத் தெரியாமல். வைத்தியருக்குச் சொன்னாய். கடல் தாண்டி இருக்கும் என் சிநேகிதிக்குச் சொன்னாய். நான் உன்னைப் பற்றிச் சொல்வதை உனக்கும் தெரியும்படி, நாலு பேருக்கும் தெரியும்படி சொல்கிறேன். இரண்டில் எது மரியாதை என்று வாசிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும். உன் பெயரை மட்டும் போடவில்லை. அந்த அளவு இரக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். எனக்கு வந்த கோபம் இரண்டு மாதமாக இன்னும் போகவில்லை. சோறு வடிக்கும்போதும் இருக்கிறது, இந்த ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் டிராமில் இடம் பிடித்து உட்காரும்போதும் இருக்கிறது. கோபத்தில் எழுதக்கூடாது, ஆறின பிறகு எழுது என்பார்கள். ஆறின பிறகு எழுதினால் நான் உன்னை மன்னித்துவிடுவேன். அது எனக்குப் பழக்கமாகிப்போன ஒன்று. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ரோசாவை உனக்குத் தெரியும். நான் வேலை செய்த கன்ரீனில் மரக்கறி வெட்டும் மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவள். லீமாக்காரி. பெரு நாட்டின் தலைநகரம், கடற்கரைப் பட்டினம் என்று அவள் சொல்லித்தான் நான் அந்த ஊரை அறிந்தேன். ஒரு டொச்சுக்காரனை, ஜெர்மன்காரனை, கட்டிக்கொண்டு வந்தாள், அவனை விட்டாள், வேலையை விடவில்லை. அவளுடைய டொச்சும் பிழை, என்னுடைய டொச்சும் பிழை. ஆனால் இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தின. நாங்கள் கதைத்தது மேற்பார்வையாளருக்கு விளங்காது, எங்களுக்கு முழுதாக விளங்கும். நீ பள்ளிக்கூடம் முடித்து, படித்து, வேலை எடுத்து, கலியாணம் கட்டிய காலம் முழுவதும் உன்னைப் பற்றி நான் பெருமை அடித்ததைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டியவள் அவள். ஓய்வூதியம் வந்ததும் தன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். கடற்கரையோரம், மீன்பிடிப் படகுகள் கட்டும் சொர்ரில்லோஸ் என்ற பகுதியில் தங்கையோடு இருக்கிறாள்.

இனி அப்பாவின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நீ பார்த்தாய், ஆனால் சாப்பிடவில்லை. அவருக்குச் சிறுநீரகம் போய், கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் குசினியில் உப்பு இல்லை. தக்காளி இல்லை, வாழைப்பழம் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, கருவாடு என்ற சொல்லே இல்லை. அவருக்கு ஆகாத பொட்டாசியம் இறங்கட்டும் என்று உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, வேறு தண்ணீரில் அவித்து, அதையும் ஊற்றி, கடைசியில் சட்டியில் மிஞ்சுவது கிழங்கின் உருவம் மட்டும். அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சமைக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்து ஒரு மனிசன் பஞ்சு தின்ன, நான் மீன் குழம்பு குழைத்துத் தின்பதா? அதனால் நானும் பஞ்சு தின்றேன். ஒன்பது வருடம். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாய். ஒரு கவளம் வாயில் வைப்பாய். "அம்மா, எனக்குப் பெரிசாப் பசியில்லை" என்பாய். பிறகு போகிற வழியில் எங்கேயோ சாப்பிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் ஒரு நாளும் உன்னில் குறை பிடிக்கவில்லை. வருத்தக்காரன் வீட்டுச் சாப்பாட்டை இளம்பிள்ளை சாப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் அந்த வருடங்களில் என் நாக்கை உயிரோடு வைத்திருந்தது யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியான ஓய்வில் ரோசா ஒரு சின்ன டப்பா திறப்பாள். மெல்லிசாக வெட்டிய சிவப்பு வெங்காயம், தேசிக்காய்ப் புளி, உப்பு, அவள் எங்கிருந்தோ வாங்கி வரும் மஞ்சள் மிளகாய். சில நாள் அதில் மீன் இருக்கும், சில நாள் வெறும் வெங்காயம்தான். "வாயைத் திற" என்பாள். இரண்டு கரண்டி. கண்ணில் தண்ணீர் வரும். "லீமாவில் இது இப்படி இராது, இது பகிடி. உண்மையை நீ அங்கே வந்துதான் சாப்பிட வேண்டும்" என்பாள். எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்துவிட்டு மேசைக்குத் திரும்பிப் போவேன்.

அப்பா சாகும் முன்பு, "நீ போய் நல்லாச் சாப்பிடு" என்று எனக்குச் சொன்னார் என்று இங்கே எழுதினால் உனக்கு எல்லாம் இலகுவாகிவிடும். அப்பாவின் கடைசி ஆசை என்று நாலு பேருக்குச் சொல்லிச் சமாளிக்கலாம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் கடைசியாக என்னிடம் கேட்டது யன்னலைச் சாத்தச் சொல்லித்தான். லீமாவுக்குப் போவது என் ஆசை. எனக்கு மட்டும் உள்ள ஆசை. அதற்கு யாருடைய அனுமதியும் கிடையாது, தேவையும் கிடையாது.

அப்பா போன வருடத்தின் கோடையில்தான் ரோசா தொலைபேசியில் கேட்டாள்: "இப்போது என்ன சாட்டு சொல்லப் போகிறாய்?" சொல்ல ஒரு சாட்டும் இருக்கவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைகளில், எனக்குப் பின்னேரமும் அவளுக்குக் காலையுமான நேரத்தில், நாங்கள் இரண்டு பேரும் திட்டம் போடத் தொடங்கினோம். எப்போது வருவது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். "மாசிப் பக்கம் வா, எங்களுக்கு அப்போது கோடை. எங்கள் மாரியில் வந்தால் உன் டுசல்டோர்ஃப் வானம்தான் இங்கேயும், அதைப் பார்க்க இவ்வளவு காசு எதற்கு?" என்றாள். வந்து இறங்கிய அன்றைக்குச் செவிச்சே கிடையாது, வயிறு முதலில் ஊரைப் பழகட்டும் என்றாள். செவிச்சே என்றால் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்த பச்சை மீன். அதை மத்தியானத்தில்தான் சாப்பிட வேண்டுமாம், காலையில் வந்த மீன் என்பதால். இரவில் அதைத் தருகிற கடைக்குள் கால் வைக்கக்கூடாதாம். மாட்டு இதயத்தைக் கம்பியில் குத்திச் சுடுவார்கள், அது அந்த ஊரில் பெரிய விசேசம் என்றாள். மாடு நான் சாப்பிட மாட்டேன் என்றேன். "சரி, நீ மணத்தைப் பிடி, நான் சாப்பிடுகிறேன்" என்றாள். மஞ்சள் உருளைக்கிழங்கை மசித்துத் தேசிக்காயும் மிளகாயும் சேர்த்து அடுக்கடுக்காக, குளிராகவே வைப்பார்களாம். பூசணியும் வத்தாளங்கிழங்கும் பிசைந்து வளையமாகப் பொரித்துப் பாகு ஊற்றுவார்களாம். ஒரு நாள் காலைச் சந்தை, ஒரு நாள் மீன் துறை, ஒரு நாள் அவள் தங்கை வீட்டுக் குசினியில் என்னுடைய மீன் குழம்பு. அந்தச் சனிக்கிழமைகளில் தொலைபேசியை வைத்த பிறகு எனக்குப் பசிக்கும். மகனே, பசி என்ற ஒன்று எனக்குத் திரும்பி வந்தது. அது எவ்வளவு பெரிய விசயம் என்று உனக்குச் சொல்லத்தான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன்.

நீயும் உன் மனைவியும் இருந்தீர்கள். உன் மாமனாரும் மாமியாரும் இருந்தார்கள். நான் சந்தோசமாகத்தான் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்தாய்.

"ஆரோட?"

"தனிய. அங்க ரோசா நிப்பா."

"அம்மா, அப்பா போய் ஒரு வருசம்கூட முடியேல்ல. நீங்கள் சாப்பிடப் போறியளோ?"

"திவசம் முடிஞ்ச பிறகுதான் போறன். மாசியில."

"அதுக்கில்லை. ஆக்கள் கேட்டா என்னெண்டு சொல்லுறது? கோயிலுக்கோ சொந்தக்காரரிட்டயோ போறா எண்டா சொல்லலாம். சாப்பிடப் போறா எண்டு சொல்லுறதோ?"

உன் மாமனார் தன் பங்குக்கு, "பச்சை மீனாம் அக்கா, அங்க எல்லாம் வருத்தம் வரும்" என்றார். நீ தலையை ஆட்டினாய். உன் மனைவியின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் இதே நகரத்தில் ஜப்பான்காரர்களின் தெருவுக்குக் கூட்டிப்போய்ப் பச்சை மீன் வாங்கிக் கொடுத்து, அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறவன் நீ. உனக்கு அது நாகரிகம். அம்மா ஆசைப்பட்டால் அது புத்தி பிசகியதன் அடையாளம். இதை அன்றைக்கே கேட்டிருப்பேன். சம்பந்தி வீட்டார் முன்னால் உன்னைக் குறைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். நான் காத்த அந்த மரியாதையை நீ எனக்குக் காக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ திடீரென்று நல்ல பிள்ளை ஆனாய். "சரி அம்மா, போங்கோ. ஆனா தூரப் பயணம், ஒருக்கா பிரசர் பாத்திட்டுப் போங்கோ, நான் டொக்டரிட்ட டெர்மின் எடுத்துத் தாறன்" என்றாய். நான் நம்பினேன். என் மருந்துப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உன் காரில் ஏறினேன். கதவில் எழுதியிருந்ததை வாசித்தபோது இது பிரசர் பார்க்கிற இடம் இல்லை என்று விளங்கியது. நரம்பு வைத்தியர். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "எல்லாம் சேர்த்துப் பாக்கினம் அம்மா" என்றாய்.

அந்த வைத்தியப் பெண்பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். மரியாதையாகக் கேட்டாள். இன்று என்ன கிழமை? இது எந்த நகரம்? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, ஒரு மணிக்கூடு கீறச் சொன்னாள். பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அப்பாவோடு ஆஸ்பத்திரிகளில் காத்திருந்த காலத்தில் மறதி வந்த எத்தனையோ கிழவர்கள் இப்படி மணிக்கூடு கீறியதைப் பார்த்திருக்கிறேன். என் மகன் என்னை அந்தக் கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறான். பென்சிலைத் தாளில் வைக்காமல் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ அவசரமாக டொச்சில், "அவவுக்கு இண்டைக்குக் களைப்பு" என்றாய். அவள் உன்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நான் உங்கள் அம்மாவைக் கேட்கிறேன்."

மணிக்கூடு கீறினேன். முள் இரண்டும் கீறினேன். கழித்துச் சொன்னேன். பிழைத்த டொச்சில் ஆனால் சரியான கணக்கில் சொன்னேன். கடைசியில் அவள் பயப்பட ஒன்றும் இல்லை என்றாள். அப்போது நான் கேட்டேன்: "எனக்கு மறதி என்று உங்களுக்கு யார் சொன்னது?" உன்னைப் பார்த்தாள். நீ நிலத்தைப் பார்த்தாய். திரும்பி வரும்போது காருக்குள் நீ ரேடியோவைப் போட்டாய்.

இறங்கும்போது, "உருளைக்கிழங்கு" என்றாய். அப்பா போய்ப் பல மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் நீ வந்தபோது, நான் கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்ததைக் கண்டாயாம். அவர் செத்ததையே அம்மா மறந்துவிட்டா என்று பயந்தாயாம். ஒரு சொல் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். எனக்கு எதுவும் மறக்கவில்லை. அவர் இல்லை என்பது என் கைக்குத்தான் அப்போது இன்னும் பழகவில்லை. அன்றைக்கு நீ வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் நான் அந்தச் சட்டியைப் பார்த்து, என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று கண்டு, கதிரையில் இருந்து அழுது முடித்திருந்தேன். நீ சட்டியைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவர்களுக்கு வயது போகும்போது பிள்ளைகள் செய்யும் பெரிய பிழை இதுதான். சாட்சியம் தேடுகிறார்கள், கேள்வி கேட்பதில்லை. உனக்கும் ஒரு காலம் வரும். அப்போது உன்னிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிற பிள்ளை உனக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இது ஆசீர்வாதம்தான். சாபமாகக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்காக நீ கதைக்கும் பழக்கம் புதிது இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்கு வாய் நீதான். அரசாங்கக் கந்தோரில், ஆஸ்பத்திரியில், வீட்டுக்காரனிடம், எல்லா இடத்திலும் உன்னைத்தான் முன்னுக்கு விட்டோம். ஒரு முறை உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆசிரியை நீட்டிக் கதைத்தார், கை விரலை மேசையில் குத்திக் குத்திக் கதைத்தார். நீ எங்களுக்குத் திருப்பிச் சொன்னாய்: "நான் கணக்கில நல்ல கெட்டிக்காரனாம், ஆனா கொஞ்சம் கூடக் கதைக்கிறனாம்." ஆசிரியையின் முகம் அப்படிச் சொல்லவில்லை. அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டிராமில் திரும்பி வரும்போது, நீ முன் இருக்கையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, அப்பா என் காதில், "பெடியன் பொய்யை எவ்வளவு வடிவா மொழிபெயர்க்கிறான் பார்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் பொய்க்கு நாங்கள் சிரித்தோம். அது உன்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய். பாவம், சின்னப் பிள்ளை. இப்போது நீ சொன்னது வேறு வகைப் பொய். அதற்குச் சிரிக்க அப்பாவும் இல்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. நான் இந்த மொழியைப் படித்து, எழுதி, பாஸ் பண்ணி, எவ்வளவோ காலம் ஆகிறது. என் வாய் இப்போது என்னிடம் இருக்கிறது.

வைத்தியரிடம் போன கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ரோசா தொலைபேசி எடுத்தாள். குரல் வேறாக இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் போலக் கதைத்தாள். "இன்று என்ன சாப்பிட்டாய்? ஞாபகம் இருக்கிறதா?" என்றாள். சந்தை, மீன் துறை ஒன்றையும் பற்றிப் பேச்சே இல்லை. நான் கேட்டதற்கு, "பிறகு பார்ப்போம், அவசரம் இல்லை" என்றாள். எவ்வளவு அவசரப்படுகிறவள் அவள்! நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"ரோசா, நீ யாரோடு கதைக்கிறாய்? ஒரு பிள்ளையோடா?"

அவள் அழத் தொடங்கினாள். "உன் மகன் எடுத்தான்" என்றாள். "உனக்கு ஞாபகம் போகிறதாம். வைத்தியர் சொன்னாராம். இங்கே வந்து வழி தவறிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டான். நீயே வேண்டாம் என்று சொன்னால் அம்மா விட்டுவிடுவா என்றான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினான்."

நான் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். கதிரையை இழுத்து இருந்தேன். மகனே, அப்பாவைப் பறிகொடுத்த அன்று எனக்கு வந்தது துக்கம். இது துக்கம் இல்லை. யாரோ என் வீட்டுக்குள் வந்து, என் சாமான்களை என் கண் முன்னாலேயே விற்றுக்கொண்டிருப்பது போல இருந்தது. ஒரு பெண்ணுக்கு அறுபது வயதுக்கு மேல் சொந்தமாகச் சம்பாதித்த சிநேகிதம் எத்தனை இருக்கும்? எனக்கு ஒன்று இருந்தது. அவளுக்கு முன்னால் நீ என்னை ஒரு பைத்தியக்காரி ஆக்கினாய். அந்த வைத்தியர் பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னதை உன் காதாலேயே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவளுக்கு எடுத்துப் பொய் சொல்லியிருக்கிறாய்.

அன்றைக்கே உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது உன் மனைவி. "மாமி, சொல்லாமக் கொள்ளாம வாறியள், ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள். சுகமாகத்தான் இருக்கிறேன், உன் மனிசனைக் கூப்பிடு என்றேன். நீ வந்தாய்.

"ரோசாவுக்கு என்ன சொன்னனீ?"

"அம்மா, முதல்ல இருங்கோ..."

"நிண்டுகொண்டே கேக்கிறன். என்ன சொன்னனீ?"

"உங்கட நன்மைக்குத்தான் சொன்னனான்."

"எனக்கு மறதி எண்டு வைத்தியர் சொன்னவவோ?"

உன் மனைவிதான் கேட்டாள்: "என்ன மறதி? மாமிக்கு ஒண்டுமில்லை எண்டுதானே நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள்?" அவளுக்கு ஒன்று, ரோசாவுக்கு ஒன்று. அவள் முகம் மாறியதை நீ பார்த்தாய். அதற்குப் பிறகுதான் நீ கத்தினாய்.

"வேற என்ன செய்யிறது? நான் சொல்லி நீங்கள் கேட்டனீங்களோ? அங்க உங்களுக்கு ஏதும் நடந்தா ஆர் போறது? ஆர் கொண்டுவாறது? அப்பாவுக்கு எல்லாத்துக்கும் கையெழுத்து வச்சது நான். மெசினை நிப்பாட்டக் கையெழுத்து வச்சதும் நான். இன்னொருக்கா என்னால ஏலாது அம்மா."

உன் மனைவி உன் தோளில் கை வைத்தாள். நான் வைக்கவில்லை. வைக்க நினைத்த கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு வசனத்தை நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி வீட்டார் போன பிறகு, என் பக்கத்தில் இருந்து, "அம்மா எனக்குப் பயமாக் கிடக்கு" என்று சொல்லியிருந்தால் நான் போகாமல்கூட விட்டிருப்பேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். விட்டிருப்பேன், ஆயுள் முழுக்க வாய் திறந்திருக்க மாட்டேன். ஆனால் நீ அதை முதலில் சொல்லவில்லை. ஆக்கள் என்ன சொல்லுவினம் என்று சொன்னாய். பிறகு பச்சை மீன் என்றாய். பிறகு என்னை மணிக்கூடு கீற வைத்தாய். பிறகு கடல் தாண்டிப் பொய் அனுப்பினாய். எல்லாம் பிடிபட்ட பிறகு உண்மையைக் கொண்டுவந்து காட்டினாய். பிடிபட்ட பிறகு சொல்லும் உண்மைக்குப் பாதி விலைதான். உன் பயத்தை நான் நம்புகிறேன். அதற்காக உன் பொய்யை விழுங்கமாட்டேன்.

அன்றைக்கு உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இப்ப ரோசாவுக்கு எடு. எனக்கு முன்னால எடு. சொன்னது பொய் எண்டு சொல்லு." நீ தொலைபேசியைக் கையில் எடுத்தாய். திரும்ப மேசையில் வைத்தாய். "பிறகு எடுக்கிறன் அம்மா, இப்ப ஏலாது" என்றாய். நான் உன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்தேன். தரிப்பிடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தவள் உன் மனைவி. டிராம் வரும்போது, "போயிட்டு வாங்கோ மாமி, நல்லாச் சாப்பிடுங்கோ" என்றாள். அவளை நீ எங்கிருந்து கண்டுபிடித்தாயோ தெரியாது. நீ செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று அன்றைக்குத் தோன்றியது.

உன் "பிறகு" வரவில்லை. ஒரு கிழமை பார்த்தேன், இன்னொரு கிழமை பார்த்தேன். பிறகு நானே ரோசாவுக்கு எடுத்தேன். எனக்கு மறதி இல்லை என்று அவளை நம்பவைக்க வேண்டி வந்தது. எப்படி என்று நினைக்கிறாய்? கன்ரீனில் எங்களைப் பாடாய்ப் படுத்திய மேற்பார்வையாளரின் நடையைப் பற்றி, அவள் அழுத நாளைப் பற்றி, நான் அழுத நாளைப் பற்றி, எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. பாதியிலேயே அவள் நிறுத்தினாள். "போதும், போதும். நான் உன்னை நம்பாமல் அவனை நம்பினேனே" என்றாள். அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட வேண்டியவள் அவள் இல்லை. அந்த அழைப்பு முடியும்போது அவள் பழையபடி அவசரக்காரி ஆகியிருந்தாள். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லையா என்று ஏசினாள். அடுத்த நாளே போய் எடுத்தேன்.

திவசத்தன்று நீ வந்தாய், ஐயர் சொன்னதை எல்லாம் செய்தாய். எனக்கு முன்னால் இலையைக் கொண்டுவந்து விரித்தாய். நானும் சாப்பிட்டேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு, அம்மாவும் மகனும் நல்ல ஒற்றுமை என்று நினைத்திருப்பார்கள். நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்றுதான் பொறுத்தேன். அதை மன்னிப்பு என்று நீ கணக்கு வைத்திருந்தால், இன்றைக்கே அழித்துவிடு.

இந்த மலர் உன் கைக்கு வரும்போது நான் லீமாவில் இருப்பேன். விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுபோக உன் மனைவி வருகிறாள், நீ லீவு எடுக்க வேண்டாம். எனக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று உன் மனைவியிடம் விளக்கமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கையெழுத்து வைக்கும் பொறுப்பையும் அவளுக்கே மாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி அந்தப் பயம் உனக்கு வேண்டாம். உன் தோளில் இருந்து இறக்கிவிட்டேன். இறக்கியது இரக்கத்திலா கோபத்திலா என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. இரண்டிலும்தான்.

திரும்பி வருவேன். அதே வீட்டுக்குத்தான் வருவேன். உனக்குக் கதவு திறப்பேனா என்பது உன் கையில் இருக்கிறது. ரோசாவின் இலக்கம் உன்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் எடுக்கத் தெரிந்த உனக்கு, எனக்குத் தெரிய எடுக்கவும் தெரியும். அவள் எடுப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். சுகம் கேட்க வேண்டாம். காலநிலை கேட்க வேண்டாம். பயந்தேன் என்றும் தொடங்க வேண்டாம், அதைப் பிறகு எனக்குச் சொல்லலாம், கேட்கிறேன். முதல் வசனம் நான் பொய் சொன்னேன் என்பது. இரண்டாவது வசனம் என் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்பது. அவ்வளவுதான். அதைச் சொல்லும் வரைக்கும் எனக்கு எடுக்காதே.

முழு நினைவுடன்,
அம்மா